கணவன், மனைவி ஸ்பொன்சர்: எந்த ஆவணத்தை வைப்பது, எதை விடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்குக் குடிவரவுப் படிவங்கள் நிரப்பக் காசு வாங்காமல் உதவி வருகிறேன். இலங்கையிலோ இந்தியாவிலோ இருக்கும் கணவனை அல்லது மனைவியைக் கனடாவுக்கு அழைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். கியூபெக்கில் இருப்பவர்களுக்கு மாகாண அரசின் தனி நடைமுறையும் உண்டு, அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. படிவங்கள் அடிக்கடி மாறும். ஆகவே அனுப்பும் வாரத்தில் குடிவரவுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இருக்கும் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அக்கா, விவாக அத்தாட்சிப் பத்திரம் இருக்குத்தானே. அதுக்கு மேலால என்ன காட்ட வேணும்?

நீங்கள் சட்டப்படி மணந்துவிட்டீர்கள் என்பதற்கு அந்தப் பத்திரம் போதும். அதிகாரி அதற்குப் பிறகுதான் தன் வேலையைத் தொடங்குகிறார். குடிவரவு ஒழுங்குவிதிகளின் 4ஆம் பிரிவுப்படி, திருமணம் உண்மையானதாக இல்லாவிட்டால் மறுக்கலாம். குடிவரவு நன்மையைப் பெறுவதே திருமணத்தின் முதன்மை நோக்கம் என்றாலும் மறுக்கலாம். 2010 செப்டெம்பருக்கு முன்பு இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் மறுப்பு வரும். இப்போது ஏதாவது ஒன்று போதும்.

முதலாவது இன்றைக்கு நீங்கள் நடத்தும் வாழ்க்கையைப் பற்றியது. இரண்டாவது தாலி கட்டிய நேரத்தில் உங்கள் மனதில் என்ன இருந்தது என்பதைப் பற்றியது. ஆகவே கலியாணத்துக்கு முந்திய காலம், கலியாணம், பிந்திய காலம் மூன்றுக்கும் ஆதாரம் வேண்டும். எங்கள் ஆட்களின் கோப்புகளில் நடுப்பகுதி நிரம்பி வழியும், முன்னும் பின்னும் வெறுமையாகக் கிடக்கும். நான் பார்த்த பலவீனமான கோப்புகளில் பெரும்பாலானவற்றின் குறை இதுதான். கீழே வரும் பதில்களில் அநேகமானவை இந்த வெறுமையை எப்படி நிரப்புவது என்பதைப் பற்றியவை.

கட்டாயம் வைக்க வேண்டியது எது, நாங்களாத் தெரிவு செய்யிறது எது?

ஐஎம்எம் 5533 என்ற சரிபார்ப்புப் பட்டியல்தான் கட்டாயமானவற்றைச் சொல்லும். ஸ்பொன்சரின் (கனடாவிலிருந்து அழைப்பவரின்) குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிட ஆதாரம், வருமானப் பத்திரங்கள், விண்ணப்பதாரரின் (வர இருக்கும் துணைவரின்) கடவுச்சீட்டு, விவாக அத்தாட்சி, பொலிஸ் நற்சான்றிதழ், முந்திய திருமணம் இருந்தால் அது முடிந்ததற்கான பத்திரம் ஆகியவை அதில் வரும். இவற்றில் ஒன்று குறைந்தாலே விண்ணப்பம் திரும்பி வரக்கூடும்.

நீங்கள் தெரிவு செய்வது உறவுக்கான ஆதாரங்களை. அவற்றைத் தேடத் தொடங்குமுன் இருவரும் சேர்ந்து நிரப்பும் உறவு விபரப் படிவமான ஐஎம்எம் 5532ஐ முதலில் எழுதி முடியுங்கள். எப்படி அறிமுகமானீர்கள், யார் பேசினார்கள், எப்போது நேரில் கண்டீர்கள், கலியாணத்துக்கு யார் வந்தார்கள் என்றெல்லாம் அதில் கேட்பார்கள். எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் "இதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?" என்று பென்சிலால் குறியுங்கள். எந்தப் பதிலுக்கும் உதவாத ஆவணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

கூடக் கூட வைச்சா நல்லதுதானே? ஒரு முந்நூறு பக்கம் வைக்கட்டோ?

வேண்டாம். பட்டியலிலேயே வரம்பு இருக்கிறது: படங்கள் 20க்கு மேல் வேண்டாம், தொடர்பாடல் ஆதாரம் 10 பக்கத்துக்கு மேல் வேண்டாம். முந்நூறு பக்கத்துக்குள் முக்கியமான ஒரு பயணச்சீட்டு புதைந்து போனால் இழப்பு உங்களுக்குத்தான். முன்பக்கத்தில் ஓர் அட்டவணை வையுங்கள். ஆவணத்தின் பெயர், திகதி, அது எதைக் காட்டுகிறது என்று ஒரு வரி போதும்.

எங்கட எழுத்து முதலே முடிஞ்சுது. தாலி கட்டினது எட்டு மாசம் கழிச்சு. எந்தத் திகதியைப் போடுறது?

எழுத்து, அதாவது விவாகப் பதிவாளர் முன் கையெழுத்திட்ட திகதியே சட்டத் திகதி. எல்லாப் படிவங்களிலும் திருமணத் திகதியாக அதைத்தான் போட வேண்டும். தாலி கட்டிய நாளை உறவு விபரத்தில் தனியாக எழுதுங்கள். எழுத்துக்குப் பிறகு இருவரும் அவரவர் பெற்றோர் வீட்டில் இருந்திருந்தால், "எங்கள் வழக்கப்படி சமயச் சடங்கு முடிந்த பின்னரே சேர்ந்து வாழ்வோம்" என்று இரண்டு வரியில் விளக்குங்கள். வெளியார் ஒருவருக்கு இது தானாகப் புரியாது. எட்டு மாதம் கணவனும் மனைவியும் ஏன் பிரிந்திருந்தார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. எழுத்து முடிந்த பிறகு, தாலி கட்டுமுன், ஸ்பொன்சர் நிரந்தர வதிவாளராகக் கனடாவுக்கு வந்திறங்கி "தனியாள்" என்று எழுதியிருந்தால், ஒழுங்குவிதி 117(9)(ஈ) குறுக்கே நிற்கும். அப்போது அறிவிக்கப்படாமலும் பரிசோதிக்கப்படாமலும் விடப்பட்ட துணைவரைக் குடும்ப வகுப்பில் (நெருங்கிய குடும்பத்தவரை அழைக்கும் குடிவரவுப் பிரிவில்) அழைக்க முடியாது. சிலருக்கு விலக்குத் தரும் பொதுக்கொள்கை ஒன்று 2019இல் வந்தது. உங்கள் நிலை இதுவென்றால் நீங்களாக எதையும் அனுப்ப வேண்டாம், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

எங்கட பேச்சுக் கலியாணம். முதல் பழகவே இல்லை. கலியாணத்துக்கு முந்தின காலத்துக்கு என்னத்தைக் காட்டுறது?

பேச்சுக் கலியாணத்தில் பழக்கம் இரண்டு குடும்பங்களுக்கு இடையில்தான் நடக்கிறது. அதற்கும் தடயம் இருக்கும். சாதகம் பொருந்துகிறது என்று சாத்திரியார் எழுதிக் கொடுத்த தாள், புரோக்கர் அல்லது திருமண இணையத்தளம் வழியாக வந்த முதல் செய்தி, பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையின் தமக்கையும் பேசிக்கொண்ட வைபர் உரையாடல், பெண் பார்க்கப் போன நாளின் படம், நாள் குறித்த தாள், மண்டப முற்பண ரசீது, பொன்னுருக்கின் படம் எல்லாம் கலியாணத்துக்கு முந்திய காலத்தின் ஆதாரங்கள்.

சாத்திரியாரின் தாளை வெட்கப்பட்டு ஒளிக்கிறவர்கள் உண்டு. வெள்ளைக்கார அதிகாரி சிரிப்பார் என்ற பயம். அந்தத் தாளில் இரண்டு பேருடைய பெயரும் பிறந்த நேரமும் திகதியும் இருக்கின்றன. கலியாணத்துக்கு மாதங்களுக்கு முன்பே இரண்டு வீடும் இதை யோசித்தன என்பதை அது அமைதியாகச் சொல்லும். மொழிபெயர்த்து வையுங்கள். பேச்சுத் தொடங்கிய நாளுக்கும் கலியாணத்துக்கும் இடையில் சில வாரம்தான் இருந்தது என்றால், அந்த அவசரத்துக்கான காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள். விடுமுறை மூன்று வாரம்தான் கிடைத்தது என்பது உண்மையான காரணம். வேலை கொடுப்பவரின் விடுமுறைக் கடிதம் அதற்கு ஆதாரம்.

அல்பத்தில எண்ணூறு படம் கிடக்கு. இருபதை எப்பிடித் தெரியிறது?

இருபதில் கலியாண நாளுக்கு ஏழெட்டுப் படம் தாராளம். ஐயர், பொம்பிளை, மாப்பிள்ளை மூவரின் முகமும் பெரிதாகத் தெரியும் கிட்டப் படத்தை விட, தாலி கட்டும்போது பின்னால் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் சகோதரரும் நிற்கும் தூரப் படம் பெறுமதியானது. பதிவில் கையெழுத்திடும் படத்தில் சாட்சிகள் தெரிய வேண்டும், அவர்களின் பெயர்தான் அத்தாட்சிப் பத்திரத்திலும் இருக்கிறது. கடற்கரையில் கைகோத்து நடக்கும் ஸ்ரூடியோப் படம் ஒன்று போதும், அதையும் விட்டாலும் நட்டமில்லை.

மீதி இடத்தைக் கலியாணத்துக்கு முன்னும் பின்னும் கொடுங்கள். மாமியாரோடு சமையலறையில், மச்சானின் பிள்ளையின் பிறந்தநாளில், ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாமாவின் கட்டிலருகில், இரண்டாவது பயணத்தில் நல்லூர்த் திருவிழாவில் எடுத்த படங்களைத் தேடுங்கள். கைபேசியில் எடுத்த மங்கலான படமாக இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், இடமிருந்து வலமாக யார் யார், என்ன முறை என்று எழுதுங்கள். பெயர் எழுதாத கூட்டப் படத்தில் அதிகாரிக்குத் தெரிவது தெரியாத முகங்கள் மட்டும்தான்.

வட்ஸ்அப்பில ஒவ்வொரு நாளும் கதைக்கிறம். பத்துப் பக்கத்துக்குள்ள எப்பிடி அடக்கிறது?

அடுத்தடுத்த பத்து நாளை எடுக்காதீர்கள். அறிமுகமான காலத்திலிருந்து இந்த மாதம் வரை, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு பக்கம் என்று பரப்பி எடுங்கள். திகதியும் மற்றவரின் பெயர் அல்லது இலக்கமும் திரையில் தெரிய வேண்டும். உறவு வருடக்கணக்கில் தொடர்ந்து வந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

எந்த உரையாடலை எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "ஐ லவ் யூ", இதயப் படம், முத்தப் படம் நிறைந்த பக்கத்தைத் தெரிவு செய்வார்கள். அதை யாரும் யாருக்கும் அனுப்பலாம். இப்படி ஒரு பக்கத்தைப் பாருங்கள்: மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து "அம்மாவின்ர பிரஷர் குளிசை முடியுது, சனிக்கிழமை வாறவரிட்ட குடுத்து விடுங்கோ" என்கிறார். கணவன் "எத்தினை மில்லிகிராம், பெட்டியைப் படம் எடுத்து அனுப்பு" என்று கேட்கிறார். அடுத்த வரியில் குளிசைப் பெட்டியின் படம். அதற்குக் கீழே "நேற்று வேலையில சுப்பவைசரோட என்ன நடந்தது?" என்ற கேள்வி. இந்த ஒரு பக்கத்தில் குடும்பம் தெரிகிறது, பொறுப்பு தெரிகிறது, ஒருவரின் அன்றாடம் மற்றவருக்குத் தெரிந்திருப்பது தெரிகிறது. நேர்காணலில் அதிகாரிகள் கேட்பதும் இதைத்தான். சண்டை பிடித்துச் சமாதானமான பக்கம் இருந்தாலும் பயப்படாமல் வைக்கலாம்.

அழைப்புப் பட்டியல் ஒரு பக்கம் போதும். அதில் நேரம்தான் இருக்கும், என்ன பேசினீர்கள் என்பது இருக்காது.

நாங்கள் தமிழிலயும் இங்கிலிஷ் எழுத்தில தமிழிலயும்தான் எழுதுறம். அதை நானே மொழிபெயர்த்துப் போடலாமோ?

கூடாது. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத எதற்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழும் தமிழ்தான். விண்ணப்பதாரரோ, ஸ்பொன்சரோ, பெற்றோர், சகோதரர், பிள்ளைகள், மாமா, மாமி, மச்சான் முறையானவர்களோ மொழிபெயர்க்க முடியாது. அவர்களில் ஒருவர் தொழிலால் மொழிபெயர்ப்பாளர் என்றாலும் முடியாது.

கனடாவில் மாகாணச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரின் முத்திரை போதும். அங்கீகாரம் இல்லாதவர் செய்தால் அவருடைய சத்தியக் கடதாசியும் சேர்க்க வேண்டும். மூலப் பிரதியையும் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வையுங்கள். பக்கத்துக்குப் பக்கம் காசு என்பதால், எடுக்கும் பத்துப் பக்கத்தை முதலில் உறுதியாகத் தெரிவு செய்துவிட்டுக் கொடுங்கள்.

மனிசிக்கு மாசாமாசம் காசு அனுப்புறன், ஆனா உண்டியலில. துண்டு ஒண்டும் இல்லை. என்ன செய்யிறது?

உண்டியல் என்பது வங்கிக்கு வெளியே ஆள்வழி காசு அனுப்பும் முறை. அனுப்பியதற்குத் தாள் இல்லையென்றால் அதிகாரியின் கண்ணில் அது நடக்கவே இல்லை. பழைய திகதியில் ரசீது எழுதி வாங்கும் யோசனையை உடனே விடுங்கள். பொய்யான ஆவணம் பிடிபட்டால் குடிவரவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி விண்ணப்பதாரர் கனடாவுக்கு வர ஐந்து வருடத் தடை வரும்.

இன்றிலிருந்து வங்கி வழியாகவோ பதிவுபெற்ற பணம் அனுப்பும் நிறுவனம் வழியாகவோ, மனைவியின் பெயருக்கே அனுப்புங்கள். தகப்பனின் கணக்குக்குப் போட்டுவிட்டு "அதுவும் அவவுக்குத்தான்" என்று விளக்கும் நிலை வேண்டாம். கடந்த காலத்துக்கு வட்ஸ்அப்பில் "காசு கிடைச்சுது, பல்கலைக்கழகப் பீஸ் கட்டிட்டன்" என்பது போன்ற செய்தியும், அந்த வாரமே பீஸ் கட்டிய ரசீதும் இருந்தால் சேர்த்து வையுங்கள். மனைவி வேலை செய்து சொந்தக் காலில் நிற்கிறார், காசு அனுப்பத் தேவையே இல்லை என்றால் அதையே எழுதுங்கள். காசு அனுப்பாதது குற்றமில்லை.

ஒரே வீட்டில இருந்ததில்லை, சேர்ந்த பாங்க் எக்கவுண்டும் இல்லை. பட்டியலில அதுகளைக் கேக்குதே?

சேர்ந்த வீட்டு உறுதி, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், மின்சாரக் கட்டணம் போன்றவை சேர்ந்து வாழ்பவர்களை நினைத்துக் கேட்கப்பட்டவை. வேறு நாடுகளில் வாழும் உங்களிடம் அவை இருக்க வாய்ப்பில்லை. ஏன் இல்லை என்று ஒரு விளக்கக் கடிதம் எழுதி, இருப்பதை வையுங்கள்.

வேலையிட மருத்துவக் காப்புறுதியில் துணைவரின் பெயர் சேர்த்தது, ஆயுள் காப்புறுதியிலும் ஓய்வூதியச் சேமிப்பிலும் பயனாளியாகப் போட்டது, மனைவிக்காக எடுத்த பெரிய வாடகை வீட்டின் ஒப்பந்தம் ஆகியவை கனடாப் பக்கத்தில் கிடைக்கும். ஊர்ப் பக்கத்தில், நீங்கள் போனபோது தங்கிய வீட்டைக் குறிப்பிடும் கிராம சேவகர் கடிதம், இருவர் பெயரிலும் விடுதி ரசீது, கடவுச்சீட்டின் வருகை முத்திரை, விமானச் சீட்டு ஆகியவற்றைத் தேடுங்கள். கலியாணத்துக்குப் பிறகு போன இரண்டாவது பயணம் இருந்தால் அதன் ஆதாரங்களை முன்வரிசையில் வையுங்கள். பிந்திய காலத்துக்கு அதைவிட வலுவான ஆதாரம் குறைவு.

கடிதம் ஆரிட்ட வாங்கிறது? எம்பியிட்ட, கோயில் தலைவரிட்ட வாங்கினா நல்லமோ?

உங்களைத் தெரியாத பெரியவரின் ஒரு பக்கத்தை விட, உங்களைத் தெரிந்த சாதாரண ஆளின் அரைப் பக்கம் மேல். கலியாணம் பேசிய மாமி, சாட்சிக் கையெழுத்திட்ட நண்பன், நீங்கள் மனைவியோடு வீடியோவில் கதைப்பதைத் தினமும் காணும் அறை நண்பர் ஆகியோரிடம் கேளுங்கள். அவர் தன்னை யார் என்று சொல்லி, உங்களை எவ்வளவு காலமாகத் தெரியும், நேரில் கண்டது என்ன என்று எழுத வேண்டும். தன் அடையாள அட்டையின் பிரதியையும் தர வேண்டும்.

ஒரே வசனத்தை நாலு பேர் கையெழுத்திட்டுக் கொடுப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். "அவர்கள் மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள் என்பதை உறுதிப்படுத்துகிறேன்" என்று நான்கு கடிதத்திலும் ஒரே பிழையோடு வரும். அதைவிடக் கடிதமே இல்லாமல் போவது நல்லது.

பாஸ்போட்டில ஒரு எழுத்து, பிறப்பு அத்தாட்சியில வேற எழுத்து. கலியாணப் பதிவில தகப்பன்ர பேர் முன்னால நிக்குது. பிரச்சினை வருமோ?

எங்கள் பெயர்முறை குடும்பப் பெயர் என்ற பெட்டிக்குள் அடங்காது. தகப்பன் பெயர் ஒரு பத்திரத்தில் முன்னால், மற்றதில் பின்னால், இந்தியப் பத்திரத்தில் வெறும் முதலெழுத்து. படிவங்களில் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள். "வேறு பெயர்கள்" என்று கேட்கும் இடத்தில் மற்ற எழுத்துக் கோலங்கள் அனைத்தையும் போடுங்கள். பிறகு இவையெல்லாம் ஒரே ஆளைக் குறிப்பன என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, எந்தப் பத்திரத்தில் எந்தக் கோலம் என்று அதில் வரிசையாகக் காட்டுங்கள்.

பிறந்த திகதியே வேறுபட்டால் அது எழுத்துப் பிழை இல்லை. அந்தப் பத்திரத்தை வழங்கிய அலுவலகத்தில் திருத்தி எடுத்த பிறகு அனுப்புவதே பாதுகாப்பு.

நான் கட்டினது சொந்த மச்சாளை. கனடாவில செல்லாதெண்டு ஒருவர் சொன்னார்.

செல்லும். கனடாவின் 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது நேர்வழி உறவையும் சகோதர உறவையும்தான். மாமன் மகள், அத்தை மகன் திருமணத்தை அது தடுக்கவில்லை. திருமணம் நடந்த நாட்டுச் சட்டப்படியும் செல்ல வேண்டும், அவ்வளவுதான். உறவு முறையை மறைக்காதீர்கள். அதிகாரிக்கு ஒரு சிறு குடும்ப மரம் வரைந்து வைத்தால், இரண்டு பேரின் உறவினர் பட்டியலிலும் ஒரே பெயர் ஏன் வருகிறது என்ற குழப்பம் நீங்கும்.

எனக்கிது இரண்டாவது கலியாணம். டிவோர்ஸ் தீர்ப்புக் கொப்பி வைச்சாக் காணுமோ?

தீர்ப்பு வந்த நாளும் விவாகரத்து நடைமுறைக்கு வந்த நாளும் ஒன்றல்ல. கனடாவில் தீர்ப்புக்குப் பிறகு 31ஆம் நாளில்தான் அது நடைமுறைக்கு வரும், அதன் பிறகு எடுக்கும் விவாகரத்துச் சான்றிதழே வேண்டும். இலங்கையில் முதலில் இடைக்காலத் தீர்ப்பு, மூன்று மாதமாவது கழிந்த பிறகுதான் இறுதித் தீர்ப்பு. இறுதித் தீர்ப்பு வருமுன் மறுமணம் பதிந்திருந்தால் அந்தத் திருமணம் சட்டத்தில் நிற்காது.

முதல் திருமணம் எப்படி முடிந்தது என்பது இன்றைய துணைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேர்காணலில் அவரிடம் கேட்பார்கள். நீங்களே ஸ்பொன்சரில் வந்து நிரந்தர வதிவாளரானவர் என்றால், அந்த நாளிலிருந்து ஐந்து வருடம் முடியும்வரை இன்னொரு துணைவரை அழைக்க முடியாது.

சம்பளம் குறைவு. எவ்வளவு காட்ட வேணும்?

துணைவரை மட்டும் அழைப்பதற்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லை கிடையாது. இயலாமை உதவி தவிர்ந்த சமூக உதவிப் பணம் பெறுபவர் அழைக்க முடியாது. மூன்று வருடம் துணைவரின் அடிப்படைத் தேவைகளைப் பார்ப்பேன் என்று கையெழுத்திடுகிறீர்கள். வேலைக் கடிதம், சம்பளத் துண்டு, கடைசி வருட வரி மதிப்பீட்டு அறிவித்தல் ஆகியவற்றை வையுங்கள்.

அந்த வரித் தாளில இன்னும் "சிங்கிள்" எண்டு இருக்கு. அப்பிடியே வைக்கலாமோ?

கவனிக்காமல் வைத்துவிடும் ஆவணங்களில் இதுதான் முதலிடம். படிவத்தில் "மணமானவர்" என்று எழுதிவிட்டு, அரசின் இன்னொரு திணைக்களத்துக்குத் "தனியாள்" என்று சொன்ன தாளை நீங்களே இணைக்கிறீர்கள். மனைவி வெளிநாட்டில் இருந்தாலும் வரிப் படிவத்தில் நீங்கள் மணமானவர்தான். உறவு முறிந்து பிரிந்தவருக்குத்தான் "பிரிந்தவர்" என்பது பொருந்தும்.

வரித் திணைக்களத்தில் திருமண நிலையை மாற்றி, தனியாள் என்று வாங்கிய சலுகைப் பணம் இருந்தால் திருப்பிக் கட்டுங்கள். பிறகு திருத்திய அறிவித்தலை வையுங்கள். முந்தியது ஏன் அப்படி இருந்தது என்று விளக்கக் கடிதத்தில் ஒரு பந்தி எழுதுங்கள்.

கொரோனா நேரம் சூமில கலியாணம் நடந்தது. அவர் இங்கை, நான் அங்கை. பதிவும் இருக்கு. செல்லுமோ?

ஸ்பொன்சருக்குச் செல்லாது. 2015 ஜூனிலிருந்து, இருவரும் நேரில் நிற்காமல் தொலைபேசி, இணையம் அல்லது பிரதிநிதி மூலம் நடந்த திருமணத்தை ஒழுங்குவிதிகள் ஏற்பதில்லை. கனடிய இராணுவத்தினருக்கு மட்டும் விலக்கு உண்டு. நேரில் சந்தித்து, இருவரும் முன்னிலையில் நிற்கும் சட்டப்படியான திருமணத்தை எப்படிச் செய்வது என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். சூமில் நடந்த சடங்கின் படங்களை வீசிவிடாதீர்கள். முந்திய காலத்துக்கான நல்ல ஆதாரம் அவை.

நான் அகதியா வந்தவன். ஊருக்குப் போகேலாது, கலியாணம் திருச்சியில நடந்தது. ஏன் இந்தியா எண்டு கேப்பினமோ?

கேட்கலாம், பதில் உங்களிடம் இருக்கிறது. பாதுகாப்புப் பெற்றவர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போனால் அந்தப் பாதுகாப்பை முடிவுக்குக் கொண்டுவர அரசு நடவடிக்கை எடுக்கலாம். 2012 டிசெம்பருக்குப் பிறகு அதோடு நிரந்தர வதிவிடமும் போகலாம். "அதனால் இரு குடும்பமும் தமிழ்நாட்டுக்கு வந்தோம்" என்று எழுதி, இரண்டு பக்கத்து உறவினரின் பயண ஆதாரத்தையும் மண்டப ரசீதையும் வையுங்கள். பதிவை முன்கூட்டியே திட்டமிடுங்கள். இந்தியாவின் 1954ஆம் ஆண்டு விசேட திருமணச் சட்டத்தில் பதிய 30 நாள் அறிவித்தல் வேண்டும். இரண்டு வாரப் பயணத்தில் அது முடியாது.

இன்னொன்று. அகதி விண்ணப்பத்தில் நீங்கள் எழுதியவை குடிவரவுத் திணைக்களத்தின் கையில் இருக்கின்றன. அன்றைக்குச் சொன்ன குடும்ப விபரம், முகவரிகள், முந்திய உறவு எல்லாவற்றையும் இன்றைய படிவத்தோடு ஒப்பிடுவார்கள். பழைய கோப்பின் பிரதியை எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். முரண்பாடு இருந்தால் ஆவணம் சேர்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் சட்ட ஆலோசனை எடுங்கள்.

ஒரு ஏஜென்ட் எல்லாம் தானே "செற்" பண்ணித் தாறன் எண்டுறார். குடுக்கலாமோ?

காசு வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்ல, சட்டச் சங்க உரிமம் உள்ளவர்களுக்கும் குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பின் உறுப்பினர்களுக்கும்தான் அனுமதி. உரிமம் உள்ளவர் ஐஎம்எம் 5476 படிவத்தில் தன் பெயரைப் போடுவார். "என்ர பேரைப் போட வேண்டாம்" என்று சொல்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். அவர் உங்களுக்குத் தெரியாமல் ஒரு பொய்க் கடிதம் சேர்த்தாலும் கையெழுத்து உங்களுடையது. மேலே சொன்ன ஐந்து வருடத் தடை உங்கள் துணைவருக்குத்தான் வரும்.

அனுப்பியாச்சு. இனி வாற படங்கள், ரிக்கெட் எல்லாம் என்ன செய்யிறது?

சேர்த்துக்கொண்டே இருங்கள். குழந்தை பிறந்தால், முகவரி மாறினால், கடவுச்சீட்டு மாறினால் உடனே இணையப் படிவம் மூலம் அறிவிக்க வேண்டும். புதிய பயணம் போனால் அதன் ஆதாரத்தையும் அனுப்பலாம். ஒவ்வொரு கிழமையும் வட்ஸ்அப் பக்கம் அனுப்பத் தேவையில்லை. சந்தேகம் இருப்பதாக அதிகாரி கடிதம் அனுப்பினால் குறித்த நாளுக்குள் பதில் போக வேண்டும். அப்போது இந்தச் சேமிப்பு கைகொடுக்கும். நேர்காணலுக்கு முன் இருவரும் ஐஎம்எம் 5532இன் பிரதியைத் திரும்ப வாசியுங்கள்.

ரிஜெக்ட் ஆயிட்டுது. அதே பேப்பரைத் திரும்பப் போடலாமோ?

அதே தாள்களுக்கு அதே பதில்தான் வரும். வெளிநாட்டிலிருந்து குடும்ப வகுப்பில் போட்ட விண்ணப்பம் என்றால், மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் ஸ்பொன்சர் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். கனடாவுக்குள் இருந்து போட்ட வகுப்பு என்றால் அந்த வழி இல்லை. மறுப்பை மீளாய்வு செய்ய 15 நாளுக்குள் சமஷ்டி நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டும். முதலில் நாளைக் கலண்டரில் குறியுங்கள், பிறகு அழுங்கள்.

அதிகாரியின் உட்குறிப்புகளைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டிக் கேட்கலாம். மறுப்புக் கடிதத்தில் பொதுவான வசனங்கள்தான் இருக்கும். குறிப்புகளில் "மணமகனின் வேலை பற்றி மனைவிக்குத் தெரியவில்லை", "திருமணத்தில் மணமகன் பக்க உறவினர் காணப்படவில்லை" என்பது போல் நேராக இருக்கும். குறிப்பு வரத் தாமதமானாலும் மேன்முறையீட்டு அறிவித்தலை 30 நாளுக்குள் போட்டுவிடுங்கள்.

மேன்முறையீட்டில் வழக்கைப் புதிதாகக் கேட்பார்கள். முதலில் வைக்காத ஆவணங்களையும் மறுப்புக்குப் பிறகு உண்டானவற்றையும் வைக்கலாம், ஸ்பொன்சரும் துணைவரும் சாட்சி சொல்லலாம். ஆகவே உட்குறிப்பில் உள்ள ஒவ்வொரு சந்தேகத்தையும் ஒரு தாளில் எழுதி, எதிரே அதற்குப் பதிலான ஆவணத்தை எழுதுங்கள். வெறுமையாக நிற்கும் வரிகளோடு வழக்கறிஞரிடம் போங்கள், அவர் முதலில் கேட்கப் போவதும் அந்த வரிகளைத்தான்.